சுவருக்குப் பின்னால போன அப்புறமும் சாகுறோமே, ஏன்? ஷூட்டர் கேம்களின் 50 வருஷக் கதை

எதிரியைப் பார்த்ததும் ஓடிப்போய் சுவருக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு. நம்ம ஸ்கிரீன்ல நாம முழுசா மறைஞ்சாச்சு. அப்படியும் அடுத்த கணமே டப்புன்னு செத்துடுறோம். உடனே "லேக் மச்சி", "அவன் ஹேக்கர்டா"ன்னு ஒரு சத்தம். பல நேரம் ரெண்டுமே காரணம் இல்லை. சர்வர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அது எப்படி என்று புரிய, கொஞ்சம் பின்னால போகணும்.

மேஸ் முதல் டாங்கி வரை

1973-74ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பழக வந்த பள்ளி மாணவர்கள் சிலர் 'மேஸ் வார்' எழுதினார்கள். இரண்டு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து, ஒரு புதிர்ப்பாதைக்குள் ஒருவரை ஒருவர் தேடிச் சுடும் கேம். நம் கண் வழியாகவே பார்த்துச் சுடும் கேம்களுக்கு அதுதான் தொடக்கப் புள்ளி.

1980ல் அடாரியின் 'பேட்டில்ஸோன்' வந்தது. டாங்கிக்குள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்கிற மாதிரி காட்சி. அமெரிக்க ராணுவம் அதையே கொஞ்சம் மாற்றி, பிராட்லி கவச வண்டிக்குப் பயிற்சிக் கருவியாகச் செய்து தரச் சொன்னது. ஆவடிக்காரங்களுக்கு டாங்கி புதுசு இல்லை. விஜயந்தாவிலிருந்து அர்ஜுன் வரைக்கும் நம்ம டேங்க் ஃபேக்டரியில் செய்ததுதான்.

சிலபஸ்ல இருக்கிற டூம்

1992ல் ஐடி சாஃப்ட்வேர் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யை வெளியிட்டது. உண்மையில் அதில் 3டி இல்லை. வரைபடம் தட்டையான கட்டங்கள்தான். ஸ்கிரீனின் ஒவ்வொரு செங்குத்து வரிக்கும் ஒரு கதிரை அனுப்பு, சுவர் எவ்வளவு தூரத்தில் இடிக்குதுன்னு பார், கிட்ட இருந்தால் சுவரைப் பெரிசா வரை, தள்ளி இருந்தால் சின்னதா வரை. அவ்வளவுதான். பேரு ரே காஸ்டிங்.

அடுத்த வருஷமே 'டூம்'. மாடிப்படி, பள்ளம், கோணலான சுவர் எல்லாம் வந்துவிட்டது. எந்தச் சுவர் முன்னால, எது பின்னால என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குப் போட்டால் அன்றைய பிசி திணறிவிடும். ஜான் கார்மேக் எடுத்த வழி பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங். லெவல் முழுவதையும் முன்கூட்டியே இரண்டிரண்டாகப் பிரித்து ஒரு ட்ரீயில் வைத்துவிடுவது. ஆமாம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே பைனரி ட்ரீதான்.

லேனிலிருந்து இன்டர்நெட்டுக்கு

1996ல் 'க்வேக்' இன்டர்நெட்டுக்கு வந்தபோதுதான் பெரிய தலைவலி. பட்டனை அமுக்கினால், சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் நம் ஆள் நகருவான். டயல்-அப்பில் இது நரகம். அதே ஆண்டு டிசம்பரில் 'க்வேக் வேர்ல்டு' ஒரு தீர்வு கொண்டுவந்தது. சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல், நம்ம கம்ப்யூட்டரே ஊகித்து ஆளை நகர்த்திவிடும். தப்பானால் சர்வர் திருத்தும்.

1998ன் 'ஹாஃப் லைஃப்' அந்த க்வேக் எஞ்சினை மாற்றிச் செய்தது. 1999ல் அதன் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்று ஒரு மாட் செய்தார்கள். மின் லே அப்போது கனடாவில் ஒரு யுனிவர்சிட்டி மாணவர். 2000ல் வால்வ் அதைத் தன் கேமாகவே வெளியிட்டது. 2003ல் வந்த 1.6 தான் நம்ம சீனியர் அண்ணன்கள் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியது.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். எதிரிக்கு பிங் 100 மில்லிசெகண்ட் என்று வைப்போம். அவன் பார்ப்பது கொஞ்சம் பழைய காட்சி. அவன் சரியாகக் குறிபார்த்துச் சுட்டும், நாம நகர்ந்துவிட்டோம் என்று மிஸ் ஆனால் அவனுக்கு அநியாயம். அதனால் சர்வர் எல்லோரும் எங்கெங்கே நின்றார்கள் என்று சிறிது நேரத்துக்கு நினைவு வைத்திருக்கும். தோட்டா வந்ததும் சுமார் 0.1 நொடி பின்னால் போய், "அப்போ இவன் எங்க நின்னான்?" என்று பார்க்கும். அப்போது நாம வெளியேதான் நின்றோம். கதை முடிந்தது. இதற்குப் பெயர் லேக் காம்பன்சேஷன். அவனுக்கு நியாயம் செய்ததன் விலையை நாம கட்டுகிறோம்.

அம்பத்தூர் எங்கே வருது?

ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. போய்வர 29 மில்லிசெகண்ட். எந்த பிளான் போட்டாலும் இதற்குக் கீழே இறங்காது. மும்பைக்கு இந்தக் கணக்கு சுமார் 10. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இப்போது டேட்டா சென்டர்கள் வந்திருக்கின்றன. வால்வின் சர்வர் பட்டியலிலேயே 'சென்னை - அம்பத்தூர்' என்று ஓர் இடம் உண்டு. ஆனால் பக்கத்துத் தெருவில் சர்வர் இருந்தாலும் ஹாஸ்டல் வைஃபையில் நாற்பது பேர் படம் பார்த்தால் பிங் குதிக்கத்தான் செய்யும். லேன் கேபிள் கிடைத்தால் விடாதீங்க.

சர்வர் யார் கையில்?

2018ல் பப்ஜி மொபைல் வந்ததும் பிசி இல்லாதவர்களும் ஆட ஆரம்பித்தோம். 2020 செப்டம்பர் 2 அன்று தடையான 118 ஆப்களில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலை 28ல் ஸ்டோரிலிருந்து மறுபடி காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்ப வந்தது. இதையே தொழிலாக நினைத்து இறங்கிய பிளேயர்களுக்கு அந்தப் பத்து மாதம் பெரிய இடி.

1.6க்கு இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேபிள் இருந்தால் இன்றைக்கும் ஓடும். ஆன்லைன் வசதியோடு சேர்த்து, கேமின் சாவியையும் நாம வேறொருவர் கையில் கொடுத்துவிட்டோம்.

டூமின் சோர்ஸ் கோடு 1997ல், க்வேக் 3ன் கோடு 2005ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இலவசமாகவே படிக்கலாம். மினி புராஜெக்ட்டுக்கு இன்னொரு லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் யோசித்துக்கொண்டு இருந்தால், ஒரு ரே காஸ்டர் எழுதிப் பாருங்க. சில நூறு வரி சி கோடு போதும். வைவாவில் "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கும்.