உங்களுக்குத் தெரியுமா? சாண்டர் கிளப்பும் தூசி

மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் மெஷினைப் பிடித்தால் எல்லோரும் விரலுக்குத்தான் பயப்படுகிறோம். நாள்பட்ட ஆபத்து மூக்குக்கு. இங்கிலாந்தில் நாற்காலிக்குப் பேர்போன ஊர் ஹை விக்கம். அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் அங்குள்ள மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி தென்படுவதை 1960-களில் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட் கவனித்தார். 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

இழைப்புளியில் சுருண்டு விழும் சீவலுக்கு அஞ்ச வேண்டாம். கண்ணுக்கே தெரியாமல் மிதக்கும் பொடிதான் நுரையீரல்வரை போகும். கைக்குட்டை கட்டுவதெல்லாம் வெறும் மன ஆறுதல். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும். மெஷினை அணைத்ததும் அதைக் கழற்றிவிடாதீர்கள், பொடி இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

பழைய பலகையா? முதலில் ஆணியைப் பிடுங்குங்கள். தலை மழுங்கிப் புதைந்த ஆணிமேல் பெல்ட் சாண்டர் ஏறினால் தீப்பொறி பறக்கும். அது தூசிப்பைக்குள் விழுந்தால் உடனே எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, பட்டறையைப் பூட்டிப் போன பிறகுகூடப் பற்றிக்கொள்ளலாம். பையை அன்றன்றே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள்.