எஞ்சினுக்குள் எட்டு ஏற்றங்கள்

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையில் ஒரு காலத்தில் அம்பாசடர் வாடகைக் கார்கள் நிறைய ஓடின. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றது. ஆயினும் பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் உண்டு.

அப்படி ஒரு வண்டியின் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் வளையங்களை மாற்றி, டேப்பட் இடைவெளியையும் சரியாக வைத்துப் பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் மேட்டில் வண்டி இழுக்கவில்லை. குறை எங்கே? விடை காண, நீங்கள் வகுப்பில் படித்த நெம்புகோல் விதியே போதும்.

அம்பாசடரின் பழைய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள். வால்வுகள் சிலிண்டர்களின் மேலே உள்ளன. அவற்றைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் கீழே சுழல்கிறது. அதிலுள்ள முட்டை வடிவ கேம்கள், புஷ் ராட் என்னும் கம்பிகளை மேலே தள்ளுகின்றன. ஆனால் வால்வு திறக்க அது கீழே இறங்க வேண்டுமே! திசையை மாற்றித் தருவதுதான் ராக்கர் ஆர்ம். வால்வுக்கு ஒன்றாக எட்டு உண்டு.

பம்புசெட் வருமுன் கிணறுகளில் இருந்த ஏற்றத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். துலாவின் ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழும். நீண்ட பக்கம் அதிக தூரம் நகரும். ராக்கர் ஆர்மும் அப்படியே. நடுவிலுள்ள அச்சுத் தண்டு அதன் ஆதாரப்புள்ளி. புஷ் ராட் பக்கம் குட்டை, வால்வுப் பக்கம் நீளம். நீண்ட கையைக் குட்டைக் கையால் வகுத்தால் கிடைப்பது ராக்கர் விகிதம். இந்த எஞ்சினில் அது ஏறத்தாழ 1.4.

எளிய எண்களைக் கொண்டு கணக்கிடுவோம். புஷ் ராட் 6 மி.மீ. உயர்ந்தால் ராக்கரின் மறுமுனை 6 × 1.4 = 8.4 மி.மீ. தாழும். சூட்டில் உலோகம் விரியும் என்பதால் வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே 0.4 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால், வால்வு திறப்பது 8 மி.மீ.

இந்த ஆதாயம் இலவசமன்று. வால்வு ஸ்பிரிங் 500 நியூட்டன் விசையுடன் எதிர்த்தால், புஷ் ராட் 700 நியூட்டன் விசையுடன் தள்ள வேண்டும். அச்சுத் தண்டு தாங்குவதோ இரண்டும் சேர்ந்த 1200 நியூட்டன்! எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. கேமின் முனை தேய்வதில் வியப்பென்ன?

இப்போது நம் புதிருக்கு வருவோம். கேமின் முனை 0.5 மி.மீ. தேய்ந்திருந்தால் வால்வு திறப்பது 5.5 × 1.4 − 0.4 = 7.3 மி.மீ. மட்டுமே. தேய்வு 0.5, இழப்பு 0.7. நெம்புகோல் அசைவைப் பெருக்குவது போலவே குறையையும் பெருக்கிவிடுகிறது. சிலிண்டருக்குள் புகும் பெட்ரோல் கலவை குறைகிறது, வண்டி தளர்கிறது.

இதை ஃபீலர் கேஜ் காட்டிக்கொடுக்காது. ஏனெனில் டேப்பட் இடைவெளியை வால்வு மூடியிருக்கும்போது, கேமின் வட்டமான பகுதியில்தான் அளக்கிறோம். தேய்ந்ததோ கூரான முனை! டயல் கேஜை வைத்து, ஷாஃப்ட்டை முழுச் சுற்றுச் சுற்றி, வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

“1.5 விகித ராக்கரை மாட்டினால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப்படி 5.5 × 1.5 − 0.4 = 7.85 மி.மீ. இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டதே! ஆனால் 500 நியூட்டன் எதிர்ப்புக்குத் தள்ளுவிசை 750 ஆகிறது. தேய்ந்த கேம் இன்னும் விரைவாகத் தேயும். தேயாத கேமின் வால்வோ 8.6 மி.மீ. திறக்கும். அவ்வளவு இறங்க இடம் இல்லையெனில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும். வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும். எனவே தேய்ந்த கேம் ஷாஃப்ட்டையும் டேப்பட்டுகளையும் மாற்றுவதே முறை.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். 30 செ.மீ. அளவுகோலின் 13ஆம் குறிக்குக் கீழே ஒரு பென்சிலை வையுங்கள். குட்டைப் பக்க நுனியில் களிமண் ஒட்டி அளவுகோலைச் சமன் செய்யுங்கள். பிறகு 27ஆம் குறியில் ஐந்து நாணயங்களை அடுக்குங்கள். அவற்றைச் சமன்செய்ய 3ஆம் குறியில் அதே வகை நாணயங்கள் எத்தனை வேண்டும்? முதலில் கணக்கிடுங்கள், பிறகு அடுக்குங்கள். விடை ஏழு என வந்தால், 1.4 என்னும் விகிதத்தை உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள்!