நிறுத்தி வச்சா பழைய காருக்கு ஆபத்து
வீட்டுல தாத்தா காலத்து பத்மினியோ அம்பாசடரோ இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான். இப்போ பங்க்ல போடுற பெட்ரோல்ல 20% வரை எத்தனால் இருக்கு. அந்தக் கார்களோட ரப்பர் பாகங்கள் இதுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் ஊறி, விரிசல் விடும். சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா தீப்பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம், எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். வண்டி மாசக்கணக்கா நின்னா, தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். இரும்பு டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும்.

நான் சொல்றது ரெண்டுதான்: முதல்ல எத்தனால் தாங்குற ஹோஸ் மாத்துங்க. அப்புறம் வண்டியை அடிக்கடி ஓட்டி, பெட்ரோலைப் பழசாக விடாதீங்க. கவர் போட்டு மூடி வச்சா மட்டும் அது பாதுகாப்பு ஆகாது.