சாளைத் திண்ணையில் ஒரு வானொலி

தோல் உறை போட்ட இந்த டிரான்சிஸ்டர், தோட்டத்துச் சாளைத் திண்ணையிலும் மோட்டார் ரூம் ஆணியிலும் தொங்கிய வகை. இதை வைத்திருக்கவே அந்தக் காலத்தில் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். திருகைத் திருப்பி முள்ளை 999 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால் கோயம்புத்தூர் வானொலி பேசும்.

அகில இந்திய வானொலியின் கோவை நிலையம் 1966-இல் தொடங்கியது. திருச்சி சாலையில், ராமநாதபுரத்தில் இருக்கிறது. அதற்கு முன் கொங்குச் சீமைக்குப் பக்கத்துக் குரல், 1939-இல் வந்த திருச்சி நிலையம்தான்.

உழவர் நிகழ்ச்சிதான் கோவை நிலையத்தின் உயிர் என்போம். வேளாண் கல்லூரி (1971 முதல் பல்கலைக்கழகம்) அதே ஊரில் இருந்தது பெரிய கொடுப்பினை. மஞ்சளில் இலைப்புள்ளி கண்டாலோ, தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்தாலோ என்ன செய்வதென்று ஆராய்ச்சியாளர் சொல்வதை, களை வெட்டிக்கொண்டே கேட்கலாம். எழுத்து தெரியாதவருக்கும் அது பாடம். வானொலி சொல்லுக்கு இருந்த மதிப்புக்கு ஒரு சான்று: தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது.

999 கிலோஹெர்ட்ஸ் என்பது மத்திய அலை. அது பகலில் தரையை ஒட்டிப் போகும். இரவில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் எட்டும். இரவில் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு வரப்பில் வானொலிதான் பேச்சுத்துணை.

உறையின் ஓட்டைகளை உற்றுப் பாருங்கள். அதில் படிந்த செம்மண்ணைத் துடைக்காமல் விட்டிருக்கிறோம்.