டெல்டா வீடுகள் – 11: உமியும் உரச்சாக்கும்

அடைமழைக் காலம் முடிந்ததும் டெல்டாவில் தச்சர்களுக்கு வேலை வந்துவிடும். நிலையின் அடிக்கட்டை ஊறி உப்பியிருக்கும். கொல்லைக் கதவு தரையில் உரசும். சுவரோரம் கரையான் மண் ஏறியிருக்கும். காடு குறைந்த பூமி இது. நல்ல தேக்குக்கு வெளியூரைத்தான் நம்ப வேண்டும். அந்த விலை கட்டுப்படியாகாத வீடுகளில் சில ஆண்டுகளாக டபிள்யூபிசி கதவு மாட்டுகிறார்கள். மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை என்று கடையில் சொல்வார்கள்.

வாங்குவதற்கு முன் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பெயரில் விற்கும் பலகைகள் பலவற்றில் பெரும்பங்கு பிவிசியும் சுண்ணக்கல் தூளும்தான்; மரத்தூள் கொஞ்சம். அமெரிக்காவில் 1990-களில் டிரெக்ஸ் நிறுவனம் செய்தது வேறு. பயன்படுத்தி எறிந்த பாலித்தீனையும் மரத்தூளையும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்த்து உருக்கி, தளப்பலகையாக இழுத்தது. இரண்டுமே கழிவு. நமக்கு வேண்டியது அந்த வழி. மரத்தூளின் இடத்தில் நம்மிடம் உமி இருக்கிறது.

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி வரும். அதை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள். உமி சீக்கிரம் மக்காததற்கு அதுவும் ஒரு காரணம். உமியின் குணத்தை நம் பாட்டிகள் அறிந்திருந்தார்கள். களிமண்ணோடு உமியும் வைக்கோலும் மிதித்துக் குழைத்துக் குதிர் செய்தார்கள். காயும்போது மண் வெடிக்காமல் உமி பிடித்துக்கொண்டது. நெல்லின் கழிவைக் கொண்டு நெல்லுக்கே வீடு கட்டிய அந்த அறிவை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போது உமிப்பலகைக்கு முன்மாதிரிகளும் இருக்கின்றன. பெங்களூரின் இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் பிசின் சேர்த்து உமிப்பலகை அழுத்தும் முறையை உருவாக்கியது. ஜெர்மனியின் ரெசிஸ்டா பலகையில் 60 சதவீதம் உமி, 22 சதவீதம் சாதாரண உப்பு, 18 சதவீதம் கனிம எண்ணெய் என்று அந்நிறுவனம் சொல்கிறது. உப்பும் எண்ணெயும் பிவிசியின் மூலப்பொருள்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? அதுவும் வயலிலேயே கிடக்கிறது. 45 கிலோ யூரியா வரும் சாக்கைப் பாருங்கள். வெளியே நெய்த இழை, பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உள் உறை இருந்தால் அது பாலித்தீன். உமியிலும் மரத்திலும் உள்ள நார்ப்பொருள் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். பாலித்தீன் 105 முதல் 130 டிகிரிக்குள் இளகிவிடும்; பாலிபுரொப்பிலீன் 160-ஐ ஒட்டி உருகும். இரண்டுமே உமி தாங்கும் எல்லைக்குள் வருகின்றன. தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும். அதற்குள் உமி கரியாகிவிடும். எனவே எல்லாக் குப்பையையும் ஒரே உலையில் போட்டுப் பலகை எடுக்க முடியாது. பிரித்தாக வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையை இங்கே நினைக்கிறேன். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவி, அது ஜல்லியில் படலமாகப் படிந்த பிறகு தார் சேர்ப்பது அவர் முறை. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். சாலையில் ஓரளவு கலப்படம் பொறுக்கும். பலகை பொறுக்காது. உமியில் ஈரம் மிஞ்சினால் உருக்கும்போது ஆவியாகிப் பலகைக்குள் பொத்தல் விழும். உமிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒட்டுறவு இல்லாததால், இரண்டையும் பிணைக்க ஒரு ரசாயனம் சில சதவீதம் சேர்க்க வேண்டும். சிலிக்கா இயந்திரத்தின் திருகையும் அச்சையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தப் பலகை எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதிலும் தெளிவு வேண்டும். சித்திரை வெயிலில் பாரம் ஏற்றினால் மெல்ல வளையும். உத்தரத்துக்கும் தூணுக்கும் இதை நினைக்கவே கூடாது. கொல்லைக் கதவு, குளியலறைக் கதவு, வேலிப்பலகை போன்றவற்றுக்குப் பொருந்தும். அறுக்கும்போது பறப்பது பிளாஸ்டிக் தூள். அதைக் கூட்டி அள்ளி மறுபடி உலைக்கே அனுப்ப வேண்டும், வாய்க்காலில் தள்ளக்கூடாது. உமியும் இன்று இலவசமில்லை. அரிசி ஆலைகளின் பாய்லரும் செங்கல் சூளையும் அதற்குப் போட்டி.

உமிக்காவது ஆலை என்று ஓர் இடம் இருக்கிறது. சாக்குதான் சிதறிப் போகிறது. காலியான சாக்கு தடுப்பாகவும் படுதாவாகவும் வெயிலிலேயே கிடக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு இழை நொறுங்கித் தூளாகிவிட்டால், அது பலகைக்கும் உதவாது. வயல் மண்ணிலேயே தங்கிவிடும். நொறுங்குவதற்கு முன்பே திரும்ப வாங்க வேண்டும். உரம் விற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களே அதற்கு ஏற்ற இடம். அடுத்த மூட்டை வாங்க வருகிறவரிடம் பழைய சாக்கை எடைக்கு வாங்கிக்கொண்டு விலையில் கழித்தால் போதும்; தனியாக ஒரு வண்டி தெருத்தெருவாகப் போக வேண்டியதில்லை. குறுவைக்கு உரம் வாங்கும் பருவத்தில் ஒரே ஒரு சங்கத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.

(தொடரும்)