கட்டணமும் கமிஷனும் ஒரே கையில்... வலைப்பதிவு நடத்தும் மார்க்கெட்டிங் ஆலோசகர்களுக்கு விதிகள் என்ன?

'கூகுளில் உங்கள் கடையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி?' என்பது போன்ற தலைப்புகளை இணையத்தில் அடிக்கடி பார்க்கலாம். இவற்றை எழுதும் பலருக்கு எழுத்து மட்டுமே தொழில் கிடையாது. பகலில் கடைக்காரர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணைய விளம்பர ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். மிச்ச நேரத்தில் வலைப்பதிவு எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் வேலைகள்தான். ஆனால், ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன. அது எங்கே? சட்டம் என்ன சொல்கிறது? வரிக்கணக்கு எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஆலோசகர் ஏன் எழுதுகிறார்?

ஜவுளிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆலோசனையை அப்படிப் பார்க்க முடியாது. பணம் கொடுத்து, சில மாதங்கள் காத்திருந்தால்தான் பலன் தெரியும். அதனால், 'இவருக்கு விஷயம் தெரியும்' என்ற நம்பிக்கையை முன்கூட்டியே உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது வலைப்பதிவு. ஆலோசகருக்கு அதுதான் கடையின் பெயர்ப்பலகை. அதைப் படித்துவிட்டு போன் செய்கிறவர், பாதி நம்பிக்கையோடுதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

வலைப்பதிவில் பணம் எப்படி வருகிறது?

முக்கியமாக 3 வழிகள். முதலாவது, விளம்பரம். கூகுளின் ஆட்சென்ஸ் சேவையில் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியில் இடம் கிடைத்தது. டாலர் கணக்கு என்றால், 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். இரண்டாவது, அஃபிலியேட் கமிஷன். பதிவில் உள்ள இணைப்பைச் சொடுக்கி ஒருவர் பொருளோ சேவையோ வாங்கினால், எழுதியவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். அமேசான் 1996-லேயே தொடங்கிய முறை இது. மூன்றாவது, நிறுவனங்கள் பணமோ பொருளோ கொடுத்து எழுதச் சொல்லும் பதிவுகள்.

தேடல் முடிவின் உச்சியில் ஏஐ மூலம் சுருக்கமான பதில் தரும் வசதியை கூகுள் 2024 ஆகஸ்ட்டில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், பக்கத்துக்குள் யார் வருவார்கள்? ஆள் வராவிட்டால் விளம்பர வருமானமும் இல்லை. அப்போது எழுதுபவரின் கண் கமிஷன் பக்கம் திரும்புவது இயல்பு.

சரி, இதுல என்ன சிக்கல்?

ஓர் உதாரணம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண், தொழிலை இணையத்தில் விரிவாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அவருக்குத் தேவை, கூகுள் மேப்பில் கடையின் பெயர் தெரிவதற்கான பிசினஸ் ப்ரொஃபைலும், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும்தான். இரண்டையும் இலவசமாகவே தொடங்கலாம். ஆனால், அவற்றைப் பரிந்துரைத்தால் எழுதியவருக்குக் கமிஷன் எதுவும் கிடைக்காது. 3 ஆண்டு ஹோஸ்டிங் திட்டத்தையோ, மாதச் சந்தா கட்டும் மென்பொருளையோ வாங்கவைத்தால் கிடைக்கும்.

இங்கே பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 'சிறந்த 5 ஹோஸ்டிங் நிறுவனங்கள்' என்று ஒரு கட்டுரை வரும். அதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். 'உங்களுக்கு இப்போதைக்கு இது தேவையில்லை' என்ற ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. ஆலோசகர் என்பவருக்கு அந்த வரியைச் சொல்வதற்காகத்தான் கட்டணமே.

கட்டண வாடிக்கையாளர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அவரிடம் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மென்பொருள் நிறுவனத்திடம் கமிஷனும் வாங்கினால், ஆலோசகர் யார் பக்கம்?

சட்டம் என்ன சொல்கிறது?

கமிஷன் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மறைக்கக் கூடாது என்பதுதான் விதி. இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டுதல்கள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி, பணம் மட்டுமல்ல. இலவசப் பொருள், தள்ளுபடி, சுற்றுலா எது கிடைத்தாலும் வாசகரிடம் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கும் விதி உண்டு. எளிமையாகவும் தெளிவாகவும், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்திலோ, இணைப்புகளுக்கு நடுவிலோ ஒளித்துவைக்கக் கூடாது. பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழில் பாராட்டிவிட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டால் போதாது.

தவறான விளம்பரத்துக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரை போகலாம். பரிந்துரைப்பவர் இனி எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று முதல் முறை ஓராண்டு வரையும், அடுத்த முறை 3 ஆண்டுகள் வரையும் தடை விதிக்கவும் இடமுண்டு. பாதிக்கப்பட்ட நுகர்வோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வரிக்கணக்கு எப்படி?

பலர் கோட்டை விடுவது ஜிஎஸ்டியில்தான். தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இந்த வரம்பு ஒவ்வொரு வருமானத்துக்கும் தனித்தனியாகக் கிடையாது. ஒரு பான் எண்ணுக்கு மொத்தமாக ஒன்றுதான். ஆலோசனைக் கட்டணம் ரூ.14 லட்சம், கமிஷன் ரூ.4 லட்சம், வெளிநாட்டிலிருந்து வரும் விளம்பர வருமானம் ரூ.3 லட்சம் என்றால், கூட்டுத்தொகை ரூ.21 லட்சம். வரம்பைத் தாண்டிவிட்டது.

ஆலோசனைக் கட்டணத்துக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி வசூலிக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்யும் சேவை, ஏற்றுமதிக்கான நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால், உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டு வரி கட்டாமல் அனுப்பலாம். ஆனாலும் அந்தத் தொகை விற்றுமுதல் கணக்கில் சேரும்.

விமர்சனம் எழுதுவதற்காக வந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரச்னை இல்லை. நம்மிடமே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம்தான். இப்படி ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ரூ.20,000-க்கு மேல் பலன் பெற்றால், 10 சதவிகித டிடிஎஸ் உண்டு. 2022 ஜூலை 1 முதல் இது அமலில் இருக்கிறது.

வாடிக்கையாளர் என்ன கேட்க வேண்டும்?

ஆலோசகரிடம் 3 கேள்விகள் கேட்டால் போதும். 'நீங்க சொல்ற இந்த மென்பொருளுக்கு உங்களுக்குக் கமிஷன் வருதா?', 'இதே வேலையை இலவசமா செய்ய வழி இருக்கா?', 'என் கடையோட விற்பனை விவரத்தை உங்க பதிவுல எழுதுவீங்களா?' மூன்றாவது கேள்விக்கான பதில் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருப்பது நல்லது. கடையின் பெயரை மறைத்தாலும், ஊரையும் தொழிலையும் வைத்து அது யாரென்று பக்கத்துக் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

நேர்மையான ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குச் சங்கடப்பட மாட்டார். 'ஆமா, கமிஷன் வருது' என்று சொல்லிவிட்டு, அது வராத வழியையும் சேர்த்தே காட்டுவார்.