பூட்டுத் தொழிற் கலைச்சொற்கள்: வரையறையும் பொதுமையும்

தொழில்கள் பலவற்றின் சொற்கள் ஏட்டில் ஏறாது, ஆசான் வாயினின்று மாணாக்கன் செவிக்கே சென்று வாழ்ந்தன. பூட்டுத் தொழிலின் சொற்களும் பெரும்பாலும் அவ்வாறே வாழ்ந்தவை. ஆயினும் கதவடைப்புப் பற்றிய தமிழ் வழக்கு வறியதன்று. சாத்துதல் வேறு, தாழிடுதல் வேறு, பூட்டுதல் வேறு. சாத்திய கதவைக் காற்றுந் திறக்கும். தாழிட்ட கதவை உள்ளிருப்போர் திறப்பர். பூட்டிய கதவைத் திறவுகோல் உடையாரே திறப்பர். அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட தாழ் என்னுஞ் சொல் இன்றும் தாழ்ப்பாள் என்பதில் உயிரோடிருக்கின்றது. இடர்ப்பாடு தோன்றுவது பூட்டின் கூட்டைக் கழற்றி உள்ளே நோக்கும்போதுதான். அங்கே சில உறுப்புக்களுக்கு ஒரே பெயர். சிலவற்றுக்கு இடந்தோறும் வேறு பெயர். சிலவற்றுக்கோ 'அந்தத் தகடு', 'இந்தத் துண்டு' என்பதன்றி வேறு பெயரில்லை.

திறவுகோலையே முதலில் நோக்குக. தமிழகத்தில் இது சாவி, இலங்கையில் திறப்பு. சாவி என்பது போர்த்துக்கேய மொழியினின்று வந்த சொல். யன்னல், மேசை, அலுமாரி, கதிரை என்பவற்றையெல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து ஏற்றுக்கொண்ட யாழ்ப்பாணத்தார், அவர்தம் ஆட்சிக்கு நேரே உட்பட்டிருந்தும், அவ்வீட்டின் திறவுகோலை மட்டுந் தம் சொல்லாலேயே வழங்கியமை வியப்பன்றோ! ஆயினும் கலைச்சொல்லாகுங்கால் திறப்பு என்பதற்கு ஒரு குறையுண்டு. அது கருவியையுங் குறிக்கும். திறத்தலாகிய தொழிலையுங் குறிக்கும். திறந்த இடைவெளியையுங் குறிக்கும். 'திறப்பின் அகலத்தை அளந்தெழுதுக' எனச் செய்முறைக் குறிப்பொன்று கூறின், மாணவன் எதனை அளப்பான்? ஆதலின் வரையறையைத் திறவுகோல் என்பதன்கீழ் எழுதித் திறப்பு, சாவி என்பவற்றை வழக்குப் பெயர்களாக அருகே குறித்தல் தக்கது. வீட்டிலும் கடையிலும் அவரவர் வழங்குஞ் சொல்லை எவரும் மாற்றவேண்டியதில்லை.

வடிவம்பற்றி வந்த பெயர்களும் உள. இலங்கையில் ஆமைப்பூட்டு என்பதும் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு என்பதும் கண்ணுக்கினிய பெயர்கள். ஆனால் ஆமைபோற் குவிந்திராத சதுரப் பூட்டும் அவ்வினத்ததே. கதவில் நிலையாகப் பொறிக்கப்படாது, வளைகம்பியொன்றினால் மாட்டப்பட்டு, கழற்றி எடுத்துச் செல்லத்தக்கது எதுவோ அது தொங்குபூட்டு என்று வரையறுப்பின், ஆமையும் மாங்காயும் சதுரமும் அதனுள் அடங்கிவிடும்.

இனி, கலைச்சொல் ஆக்குவோர் பெரிதும் வழுக்கும் இடமொன்றுண்டு. ஆங்கிலச் சொல்லை எதிரில் வைத்து அதனை மொழிபெயர்க்க முயல்வர். அச்சொல் சுட்டும் பொருளை நோக்கார். பூட்டின் உள்ளே திறவுகோலால் அசைக்கப்படும் உறுப்பை ஆங்கிலேயர் டம்ளர் என்பர். அதனை அவ்வண்ணமே எழுதினாற் படிப்பவன் தண்ணீர்க் குவளையை நினைப்பான். அவ்வுறுப்பின் ஒருவகையை லீவர் என்பர். அதற்கு நேராக இலங்கைப் பௌதிக நூல்களில் நெம்பு என்றும் தமிழக நூல்களில் நெம்புகோல் என்றுஞ் சொல் இருப்பதால், நெம்புப் பூட்டு என்றெழுதத் தோன்றும். ஆனால் பூட்டிலுள்ள அத்தகடு பாரம் எதனையும் நெம்புவதில்லை. ஒரு முனையில் ஆணிகொண்டு நின்று, மெல்லிய வில்லொன்றினால் அழுத்தப்பட்டுப் பூட்டின் நாக்கு நகராவண்ணம் மறித்து நிற்பதே அதன் தொழில். மறித்தல் என்னும் அத்தொழிலினின்றே பெயர் பிறத்தல் வேண்டும். தடுக்கு எனலாமோவெனின், அது யாழ்ப்பாணத்தில் இருக்க இடும் ஓலைப்பாய். தடை என்பதே பொருந்தும்.

தடை இருவகைப்படும். பழைய பூட்டுக்களில் உள்ளே அசையாத வரம்புகளை அமைத்து, அவற்றுக்கு ஏற்ப வெட்டுக்கள் உள்ள திறவுகோல் மாத்திரம் சுழலுமாறு செய்தனர். இது நிலைத்தடை. வரம்புகளைத் தொடாது நாக்கை எட்டுமளவுக்குத் தேய்த்து மெலிவித்த கோல் எதுவும் இத்தகைய பூட்டைத் திறந்துவிடும். 1778இல் இங்கிலாந்தில் றொபேட் பரன் என்பார் அமைத்த பூட்டிலோ தடைகள் அசைந்தன. அவை குறித்த உயரத்துக்கு எழும்பினாலன்றி நாக்கு நகராது. உயரம் குறையினும் நகராது, மிகினும் நகராது. இது நகர்தடை. 1784இல் யோசேப்பு பிறாமா அமைத்த பூட்டில் வழுக்கிச் செல்லுஞ் சிறு துண்டுகள் இருந்தன. அவற்றை நெம்பு என்றல் எவ்வாற்றானும் பொருந்தாது. நகர்தடை என்பதோ அவற்றையுந் தழுவும். 1818இல் எரேமியா சப் என்பார், தடையை யாரேனும் அளவு மீறி உயர்த்தினாற் பூட்டு இறுகி நின்று உடையவருக்கு அதனைக் காட்டிக்கொடுக்கும் பொறியொன்றைச் சேர்த்தார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக் காலத்தில், அமெரிக்கரான ஒப்சு என்பவர் இவ்விரு பூட்டுக்களையுந் திறவுகோலின்றியே திறந்து காட்டினார். பிறாமாவின் பூட்டுக்கு அவர் 16 நாட்களிற் பரந்த 51 மணி நேரத்தைச் செலவிட்டு, 200 கினிப் பரிசையும் பெற்றார். அவர் வென்றது நகர்தடையையே. தேய்த்த கோலால் நிலைத்தடையைத் தாண்டுவது அத்துணை அரிய செயலன்று.

இன்று வீட்டுக் கதவுகளிற் பெருவழக்காகவுள்ள உருளைப் பூட்டு, அமெரிக்கரான யேல் என்பாரும் அவர் மகனும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செப்பஞ்செய்தது. இதிலும் ஒரு மயக்கமுண்டு. உருளை என்பது திறவுகோலோடு சுழலும் உட்பகுதியா, அதனைச் சூழ்ந்து நிற்கும் புறப்பகுதியா, இரண்டுஞ் சேர்ந்த முழுமையா? உள்ளுருளை, புறவுருளை, உருளைத் தொகுதி என மூன்று சொற்கள் வேண்டும். ஒவ்வொரு முளைத்தடையும் இரு துண்டாயிருக்க, அத்துண்டுகள் சந்திக்கும் இடம் உள்ளுருளையின் விளிம்போடு பொருந்தும்போதே அது சுழலும். அவ்விளிம்பைப் பிரிகோடு எனலாம்.

சொல் மாத்திரமன்று, எண்ணுங்கூட வரையறை வேண்டுவது. திறவுகோலின் வெட்டாழங்களை எண்ணாற் குறிப்பது தொழில் வழக்கு. 1, 5, 3, 2, 4 என்பதைக் கைப்பிடிப் பக்கமிருந்து படிப்பார் ஒருவர். நுனியிலிருந்து படிப்பார் இன்னொருவர். தலைமாறிப் படித்தால் வேறொரு கோல் உருவாகும். பித்தளையும் உழைப்பும் வீண்.

இவை யாவற்றினும் கூடிய கவனத்துக்குரிய சொல் கள்ளத் திறப்பு என்பது. களவுபோன வீட்டிற் கதவு உடைபடவில்லையாயின், 'கள்ளத் திறப்புப் போட்டுத் திறந்திருக்கின்றான்' என்பர். இவ்வொரு தொடரில் மூன்று பொருள்கள் மறைந்து கிடக்கின்றன. உண்மைத் திறவுகோலைப் பார்த்துச் செய்த படி ஒன்று. நிலைத்தடைகளைத் தாண்டுமாறு தேய்த்த கோல் மற்றொன்று. திறவுகோலே அல்லாத கம்பியினால் நகர்தடைகளை ஒவ்வொன்றாகத் தூக்குதல் மூன்றாவது. படியெடுத்தல் என்றால் உண்மைத் திறவுகோல் சிறிது நேரமேனும் பிறர் கையிற் சென்றிருத்தல் வேண்டும். ஐயம் வீட்டு வேலையாளையோ வாடகைக்கிருந்தவரையோ சாரும். தேய்த்த கோலுக்கும் கம்பிக்கும் அத்தொடர்பு வேண்டியதில்லை. சாட்சி கூறுவோர் ஒரு சொல்லால் மூன்றையுங் குறிப்பின் குற்றமற்ற ஏழையொருவன் தலையிற் பழி விழுதல் கூடும். படித் திறவுகோல், தாண்டுகோல், தடைதூக்கி எனப் பிரித்து வழங்கின் இம்மயக்கம் நீங்கும்.

இச்சொற்களை யார் தொகுப்பது? இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 19ஆம் நூற்றாண்டில், மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான சொற்களையுந் தொகுத்தார். பூட்டுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். ஆயின் அது மேசையிலிருந்து தொடங்கலாகாது. 2019இற் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கற் பூட்டைக் கையாற் செய்வோர், அலிகார் முதலிய இடங்களின் பொறிப்பூட்டுக்கள் மலிந்தமையாற் குறைந்துவருகின்றனர். அவர்களிடமும், இலங்கைப் பட்டினங்களிற் தெருவோரத்திலிருந்து திறவுகோல் வெட்டுவோரிடமும் முதலிற் செல்லவேண்டும். பூட்டொன்றைப் பிரித்து, உறுப்புக்களைப் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எண்ணுக்கு நேரே ஒவ்வோர் ஊராரும் வழங்குஞ் சொல்லை எழுதிக்கொள்வது முதல் வேலை. எங்கே சொல் உண்டோ அங்கே ஆக்கம் வேண்டா. எண்ணுக்கு நேரே வெற்றிடம் எஞ்சும் உறுப்புக்கே, நகர்தடை, பிரிகோடு போன்ற புதுச்சொல் புகவேண்டும்.